கடல் கடந்த குடும்பமும் கைப்பிடி மண்ணும்

வயலிலே நாற்றைப் பிடுங்கி நடுகின்றோம். இரண்டொரு நாள் அது வாடி நிற்கும். பின்னர் நீரை இழுத்து நிமிர்ந்துவிடும். காய்த்துக் குலுங்கிய மாமரத்தை வேரோடு பெயர்த்து வேறோரிடத்தில் ஊன்றினால் அவ்வாறு நிமிருமா? ஒரு குடும்பம் ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டிற் குடியேறும்போது, அதனுள்ளே நாற்றும் உண்டு, மரமும் உண்டு. குழந்தைகள் நாற்று, பாட்டனும் பாட்டியும் மரம், தாய் தந்தையர் இரண்டிற்கும் இடைப்பட்டோர். எல்லாரும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், புது மண்ணில் ஊன்றப்படுகின்றனர். அவருள் யார் தழைப்பார், யார் வாடுவார் என்பதை எது தீர்மானிக்கின்றது? இவ்வினாவுக்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலோரத்தில் வாழும் கோமாரி மக்களாகிய நமக்கு, வீடிழந்து நிற்றல் ஏட்டில் மட்டும் கண்ட செய்தியன்று. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று கடல் எழுந்து வந்து நம் இல்லங்களை வாரிச் சென்றதையும், அதன்பின் கொட்டில்களில் இருந்துகொண்டே மீண்டும் ஊர் கட்டியதையும் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. அன்று நாம் வீட்டை இழந்தோம், நாட்டை இழக்கவில்லை. நாட்டையே மாற்றிக்கொள்ளும்படி பணிக்கப்பட்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழரின் கதை இதனினும் நெடியது. இலங்கை மலைநாட்டிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களையே குறிப்பிடுகின்றோம்.

வந்த வழி

இற்றைக்கு இருநூறு ஆண்டுகட்கு முன், 1820களில், ஆங்கிலேயர் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்களைத் திறக்கத் தொடங்கினர். காடு வெட்டவும் கன்று நடவும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழைத் தமிழர் அழைத்துவரப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வரை அவர்கள் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் எண்ணிலர். இப்பயணத்தை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் நடந்து சென்றமை பலர் அறிந்ததே.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். கோப்பி ஒரு பருவத்திற் பழுப்பது. ஆகையால் அக்காலத்தில் ஆடவரே பெரும்பாலும் வந்தனர்; பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் கோப்பி இலையில் நோய் தோன்றி அத்தொழிலை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் கொய்யவேண்டியது. அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே கங்காணிமார் இப்போது குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தனர். கோப்பி கூலியாளைக் கொணர்ந்தது. தேயிலை குடும்பத்தைக் கொணர்ந்தது. வந்து போனவர் வாழ வந்தவராயினர்.

வாழ்ந்த இடம் லயம் என்னும் நீண்ட கட்டிடத்தில் ஒரு காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதிலேயே அடுப்பு. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக் களத்துக்குச் செல்லுதல், கூடையை முதுகிலிட்டு மலையேறுதல், மாலையில் கொழுந்து நிறுத்துப் பேர் பதிவாயிற்றா என்று பார்த்தல், இதுவே நாளாந்த வாழ்வு. ஆயினும் அவ்வாழ்வின் நடுவே அவர்கள் தோட்டந்தோறும் மாரியம்மனுக்குக் கோவில் வைத்தனர், திருவிழா நடத்தினர், மாசி மாதத்திற் காமன் கூத்தாடினர். பிள்ளைகளுக்குக் காது குத்தியதும் அங்கேயே. பெற்றோரைப் புதைத்ததும் அங்கேயே. முன்னோரின் உடல் எந்த மண்ணில் உறங்குகின்றதோ அந்த மண் அயல்நாடாகுமா?

கையொப்பமிட்ட நாள்

ஆகும் என்றது சட்டம். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் பாராளுமன்றத்துக்கு ஏழு உறுப்பினரை அனுப்பிய மக்கள், இரண்டே ஆண்டுகளில் ஏட்டில் இல்லாதவராயினர்.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றவர் 975,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவருள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என முடிவாயிற்று. 1974 இல் அம்மீதியையும் இரு நாடுகளும் சரிபாதியாக, 75,000 வீதம், பகிர்ந்துகொண்டன. ஏழு பேரை இந்தியாவுக்கு அனுப்பும்போது நால்வருக்கு இங்கே உரிமை வழங்குவது என்று விகிதமும் வகுத்தனர். சகோதரர் சொத்துப் பிரிக்கும்போதுகூட வீட்டிலுள்ளோரை ஒரு வார்த்தை கேட்பர். இங்கே தலைவிதி எழுதப்பட்ட மக்களையோ அவர்தம் தொழிற்சங்கத் தலைவர்களையோ எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

மக்களின் மனம் எங்கிருந்தது என்பதற்கு விண்ணப்பங்களே சான்று. இலங்கைப் பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தைப் பெரிதும் விஞ்சினர். இந்தியாவை வேண்டியோர் தொகையோ ஐந்தேகால் இலட்சத்தை எட்டவில்லை. ஆயினும் பின்னர் வந்த காலம் கொடியதாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் நிலவிப் பலர் பட்டினியால் மாண்டனர். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் வன்செயல்கள் நிகழ்ந்தன. போக மறுத்தவரும் போகத் துணிந்தனர். சிலர் வவுனியா, கிளிநொச்சி முதலிய பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறினர், பலர் கப்பலேறினர்.

ஒப்பாரிக் கோச்சி

ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்துவோம். பெயர் வேண்டா, பல்லாயிரம் குடும்பங்களுக்கு இது பொருந்தும். தகப்பன் கவ்வாத்து வெட்டுபவன், தாய் கொழுந்தெடுப்பவள், மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அடுத்த காம்பராவில் வாழும் அவன் தமையனுக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்திருக்கின்றது. ஒரே வயிற்றிற் பிறந்த இருவர் ஒரே லயத்தில் இருந்தபடியே இரு நாட்டவராயினர்!

புறப்படும் நாளில் ஆட்டுக்கல்லைத் தூக்கிச் செல்ல முடியுமா? அதைத் தமையன் வீட்டில் வைக்கின்றனர். வளர்த்த பசுவைக் கிடைத்த விலைக்கு விற்கின்றனர். பாட்டி மாரியம்மன் கோவில் வாசலில் ஒரு பிடி மண்ணை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கின்றாள். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் நின்ற அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. வண்டி நகரும்போது உள்ளிருந்தோரும் வெளியில் நின்றோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பாடி அழுதனர். உயிரோடிருப்பவருக்குப் பாடப்பட்ட ஒப்பாரி அது.

தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்னும் கப்பல் காத்திருந்தது. முன்னர் கப்பல் சென்று சேர்ந்த தனுஷ்கோடித் துறையை 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் அழித்துவிட்டமையால், கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நோய் பார்த்து அனுப்பிய அதே முகாம், இப்போது அவர்தம் பேரப்பிள்ளைகளை வரவேற்றது. பாட்டன் போன வாசலாலேயே பேரன் திரும்பி வந்தான். ஆனால் அவனை அடையாளங் காண அங்கே எவருமில்லை.

மண்டபம் முதல் மலை வரை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுதல் நீதியன்று. குடும்ப அட்டை கொடுத்தது. வழிகள் பலவற்றை வகுத்தது. சிறு கடை வைக்க விரும்பியோருக்கு ஐயாயிரம் ரூபா வரையிற் கடன். நூல் நூற்கும் ஆலைகளில் வேலை. கேரளத்திலே புனலூரிலும், கன்னட நாட்டிலே சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் றப்பர்த் தோட்டங்கள். அந்தமான் நிக்கொபாரிலுள்ள கச்சால் தீவிலும் றப்பர். தாயகம் திரும்பியோருக்கென்றே 1969 இல் சென்னையில் ரெப்கோ என்னும் கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. தமிழ்நாட்டு வனத்துறை 1968 இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அது பின்னர் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக 1975 இல் உருப்பெற்றது. குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி, வால்பாறை முதலிய இடங்களில் அதன் தோட்டங்கள் பரந்தன.

திட்டங்கள் இருந்தும் குடும்பங்கள் ஏன் இடறி வீழ்ந்தன? கவ்வாத்துக் கத்தி பிடித்த கை தராசு பிடிக்க அறியாது. கடன் பெற்றுக் கடை வைத்தவரிற் பலர் தரகரிடம் ஏமாந்து, ஓராண்டுக்குள் முதலையும் இழந்தனர். பாட்டன் பிறந்த ஊரைத் தேடிச் சென்றோர் அங்கே நிலமுமின்றி, உறவும் அற்று நின்றனர். தோட்டத்து லயத்தில் ஓரளவு தளர்ந்திருந்த சாதிக் கட்டு, கிராமத்தில் மீண்டும் முகத்தில் அறைந்தது. தனி டம்ளரையும் தனித் தெருவையும் அறியாத பிள்ளைகள் அங்கே அவற்றைக் கற்றனர். இந்துக்களாகிய நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய இடம் இது. வேறு சிலர் கொடைக்கானல் மலைக்காடுகளில் முன்பணம் வாங்கி, அதைத் தீர்க்க வழியின்றிக் கொத்தடிமைகளாகச் சிக்கினர். 1980களில் அச்செய்தி நீதிமன்றம் வரை சென்றது.

ஆகவே குடும்பங்கள் தாம் அறிந்த தொழிலை நாடி, குளிரும் மழையும் பழகிய நீலகிரி மலையில் ஏறின. அங்கே மீண்டும் லயம், மீண்டும் கூடை, மீண்டும் விடியற்காலை. நுவரெலியாவை விட்டு வந்தோர் நுவரெலியாவைப் போன்றதோர் இடத்திற்கே சென்று சேர்ந்தனர். ஊரார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். சிலர் 'அகதி' என்றும் அழைத்தனர். அவர்களோ கடவுச்சீட்டுடன் வந்த இந்தியக் குடிகள். இலங்கையில் 'இந்தியாக்காரன்' என்று பேர். இந்தியாவில் 'சிலோன்காரன்' என்று பேர். இரண்டு நாட்டிலும் பேர் இருந்தது. அவர்கள் கேட்ட பேர் எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை.

பேர், மனை, அயல்

இக்குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். புது மண்ணில் ஒரு குடும்பம் வேரூன்றுவதற்கு மூன்று வேண்டும்: பேர், மனை, அயல்.

பேர் என்பது ஏட்டில் இடம்பெறுதல். பிள்ளையின் பிறப்புச் சான்று இலங்கையில் எழுதப்பட்டது. இந்தியப் பள்ளியிலோ அலுவலகத்திலோ அதைக் காட்டினால் ஐயம். சாதிச் சான்று கேட்டால், பாட்டன் எந்தக் கிராமத்தான், அதற்குச் சாட்சி யார் என்னும் வினா. சான்றில்லாமற் சலுகையில்லை; சலுகையில்லாமல் மேற்படிப்பில்லை. நாற்றாகிய பிள்ளைக்கு நீர் பாய வேண்டிய வாய்க்காலே அடைபட்டது. கன்னட நாட்டிற் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கோ பள்ளியில் மொழியும் புதிது. வீட்டிலே தமிழ், பள்ளியிலே கன்னடம் என்று இரு கரைக்கும் நடுவில் அப்பிள்ளை வளர்ந்தது.

மனை என்பது உறுதியுள்ள நிலம். இலங்கையில் நூறாண்டு வாழ்ந்த காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். நீலகிரியிலும் அவ்வாறே: வேலை உள்ள வரை வீடு, ஓய்வு பெற்றாற் சாவியைக் கொடுக்க வேண்டும். கூடலூர்ப் பகுதியிற் சிறு துண்டுக் காணிகளில் வீடு கட்டிக்கொண்டோர், அந்நிலங்களின் உரிமை வழக்கிற் கிடந்தமையால் நெடுங்காலம் பட்டாவுமின்றி மின்விளக்குமின்றி வாழ்ந்தனர். அண்மையிலே டான்டீ நட்டமுற்றதால் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென 2022 இல் முடிவாயிற்று. ஐம்பது ஆண்டுகட்கு முன் காட்டைத் தேயிலையாக்கிய கைகள், அது மீண்டும் காடாவதைக் கண்டன. எங்கே போவது என்னும் பழைய வினா முதிய தொழிலாளரின் வாயில் மீண்டும் பிறந்தது.

மூன்றாவதாகிய அயல் அரசினால் வழங்கப்படுவதன்று. முதல் மழையிற் கூரை ஒழுகும்போது பாய் கொடுப்பவர் அயலார். பிள்ளைப்பேற்றுக்கு ஓடி வருபவர் அயலார். தோட்டத்திலிருந்து வந்தோர் ஒன்றாகக் குடியமர்ந்த இடங்களில் அவர்கள் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று மாரியம்மனுக்கு ஓர் இடம் ஒதுக்கியது. பிடிமண் கொண்டு வந்து தெய்வத்தை நிலைநாட்டுதல் தமிழர் தொன்றுதொட்டுக் கைக்கொள்ளும் வழக்கம். நாம் நினைவிற் கொண்ட பாட்டியின் சேலை முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. கோவில் எழுந்ததும் திருவிழா வந்தது. திருவிழா வந்ததும் அடுத்த குடியிருப்பினர் வந்தனர். கஞ்சி வார்த்த இடத்திற் பேச்சு வளர்ந்தது. பேச்சு வளர்ந்த இடத்திற் பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். அந்நியர் அயலாரானது இவ்வாறுதான். கோவில் என்பது வழிபடும் இடம் மாத்திரமன்று, வேரற்றவர் வேர்விடும் பாத்தியுமாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பர்மாவிலிருந்து வந்தோர்

இவ்வுண்மை மலையகத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1962 இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964 இற் கடைகளும் வணிகமும் அரசுடைமையான பின், அங்கே வாழ்ந்த தமிழர் பெருந்தொகையாகச் சென்னை திரும்பினர். அவர்களும் வெறுங்கையராகவே வந்தனர். ஆனால் அவருட் பலர் வணிகம் அறிந்தவர். சென்னைத் துறைமுகத்தின் அயலிலே 1969 இற் பர்மா பசார் தோன்றியது. அத்தோ என்னும் பர்மிய உணவையும் அவர்கள் சென்னை வீதிக்கு அறிமுகஞ் செய்தனர். சிலர் மீண்டும் பர்மாவுக்குச் செல்ல எண்ணிக் கால்நடையாகப் புறப்பட்டு, மணிப்பூர் எல்லையிலே மோரே என்னும் ஊரில் தடைப்பட்டு, அங்கேயே தங்கினர். அங்கும் அங்காளபரமேசுவரிக்குக் கோவில் எழுந்தது. அறிந்த தொழிலும், கூடி வாழும் இடமும், வணங்க ஒரு தெய்வமும் கிடைத்த இடத்திற் குடும்பம் பிழைத்தது.

மலையகத்து எஞ்சியோர் கதையும் முடிவுற்றது. 1984 இற் கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக இயலாது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கேயே தங்கினர். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்கள் உட்பட நாடற்றோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கின. 1948 இல் எழுந்த வழக்குத் தீர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. தம்பி நீலகிரியில், தமையன் தலவாக்கலையில். இடையே கிடந்த கடல் மாத்திரம் எந்தச் சட்டத்தாலும் சுருங்கவில்லை.

நமக்குரிய பாடம்

கச்சால் தீவிற் றப்பர்த் தோட்டத்தை மேலே குறிப்பிட்டோம். 2004 டிசெம்பர் 26 அன்று கோமாரியைத் தாக்கிய அதே கடற்பெருக்கு அத்தீவையும் பேரழிவுக்குள்ளாக்கியது. இலங்கை மலையிலிருந்து நெடுந்தூரம் பெயர்க்கப்பட்டோர் சென்று சேர்ந்த மண்ணும் நம் மண்ணும் ஒரே காலையில் ஒரே நீரில் மூழ்கின. நாடு வேறு, கடவுச்சீட்டு வேறு எனினும், கடல் அவற்றை வாசித்துப் பார்க்கவில்லை. துன்பம் நாட்டெல்லை அறியாதெனின் இரக்கம் மட்டும் எல்லை பார்க்கலாமா?

வாலிப நண்பர்களே, இன்று நம் கீழ்மாகாணத்துப் பிள்ளைகளும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் பனியிடையே குடும்பம் அமைத்து வாழ்கின்றனர். அங்கே யாரோ ஓர் அயலவர் அவர்க்கு வழி காட்டியிருப்பர். யாரோ ஓர் ஆசிரியர் அவர்தம் பிள்ளையின் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கப் பழகியிருப்பர். அக்கடனை நாம் எங்கே தீர்ப்பது? நம் ஊருக்கு வந்து சேரும் குடும்பத்திடம் தீர்க்கலாம். வேலையின் பொருட்டோ விவாகத்தின் பொருட்டோ வறுமையின் பொருட்டோ ஒரு குடும்பம் நம் தெருவில் வந்து இறங்கினால், 'நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள்?' என்று வினவுமுன் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க உடன் செல்வோம். கச்சேரியிற் பத்திரம் நிரப்பத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்போம். திருவிழா உபயத்தில் அவர்க்கும் ஒரு பங்கு அளிப்போம். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டோர் செய்யத்தக்க சமயப்பணி இதனினும் மேலானதில்லை.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் அயலில் மலைநாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பம் இருப்பின், அவ்வீட்டு முதியவரிடம் சென்று சற்று அமர்ந்து கதை கேளுங்கள். ஒப்பாரிக் கோச்சியைக் கண்ணாற் கண்டவர்கள் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றனர். ஏட்டில் எழுதப்படாதது அவர்தம் நாவிலேயே உள்ளது.

மரத்தைப் பெயர்த்து நடுவோர் அதன் தாய்மண்ணையும் ஒரு பிடி சேர்த்தே நடுவர். பழைய மண் சற்று ஒட்டியிருந்தாற்றான் வேர் புதிய மண்ணைப் பற்றும். புதிதாய் வந்தோர் தம் பழைய ஊரை நினைத்து அழுவதைக் குறை கூறாதிருப்போம். அந்த நினைவே அவர் கொணர்ந்த கைப்பிடி மண். அதற்கு நீர் வார்ப்பது நம் கடன்.